ஆறு காம்பராவையும் கேட்கும் மைக்

ஐப்பசி மாதம் முழுக்க யசோதினிக்குக் கனவில்கூட மைக்தான் வந்தது. கனவு காணும் அளவுக்கு அவளுக்குத் தூக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். பதுளையில் ஒரு புடவைக்கடையில் காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஆறு மணிக்குத்தான் கால் மடங்கும். அங்கே வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, முதலாளிக்கு மெத்தை வைத்த நாற்காலி உண்டு, விற்கிற பெண்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அலுமாரியில் சாய்ந்தாலும், “ஏன், முதுகுல எலும்பு இல்லையா?” என்று முதலாளியம்மா கேட்பாள். ஒன்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு யசோதினியின் எலும்புக்கே அலுத்துப்போயிருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தேடி வந்தது. கொண்டுவந்தவர் றுஷ்தி. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று பதுளைப் பக்கம் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவர். அவருக்கு ஒரு தொல்லை. எடுத்த கல்யாணத்தை இணையத்தில் ஏற்றினால் சத்தம் போய்விடுகிறது. பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைக்காரன் சும்மா விடுவானா? மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறார், படமோ ஊமையாக ஓடுகிறது. குவைத்தில் இருந்து பெண்ணின் சித்தி போன் பண்ணித் திட்டுகிறாள்.

“சொந்தமா ஆறு பாட்டு வேணும் தங்கச்சி,” என்றார் றுஷ்தி. “ஒங்கட குரல நவராத்திரிக்குக் கோயில்ல கேட்டேன், நல்லா ஈக்குது. தைக்கு முந்தி ஆறையும் குடுத்தா, பொறகு வருஷம் முழுக்க ஒங்களுக்குத்தான் வேல. வீட்டுலயே ரெக்கோர்ட் பண்ண ஏலுந்தானே?”

“ஏலும் நானா,” என்றாள் யசோதினி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டு கட்டுவது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே மெட்டுப் போடுவாள். அந்த நேரத்தில் அவள் நினைத்ததெல்லாம் ஒரு நாற்காலியைத்தான். வீட்டில், ஜன்னல் ஓரத்தில், முதுகு வைத்த ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து பாட்டுப் பண்ணுகிறாள். யாரும் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் வீடு என்று சொன்னது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆறு ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற லயத்தில் நாலாவது காம்பரா. ஆறு குடும்பத்துக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், இதற்கு மேல் நமக்கு வேலை இல்லை என்று நின்றுவிடும். அங்கிருந்து கூரை வரை வெறும் இடைவெளி. முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் ஆறாவது காம்பராவில் தும்முவார்கள். அரசாங்கம் கட்டித்தருவதாகச் சொன்ன புதுவீடு ஒன்றும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமுடியாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் அத்திவாரம் போட்டு, ஜன்னல் உயரத்துக்குச் சுவரும் எழும்பி, நாலு வருஷமாக அப்படியே நிற்கிறது. அதன் குசினிக்குள், அடுப்பு வரவேண்டிய இடத்தில், ஒரு வாழை குலை தள்ளிவிட்டது.

புடவைக்கடையில் அவள் லயத்துப் பெண் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளியம்மா, “லயத்து ஆளுகள சேர்த்தா, மழை பெஞ்சா லீவு,” என்று யாரையோ பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, “நீ எங்கம்மா?” என்று திரும்பினாள். “ஹாலிஎல டவுன்ல, சொந்த வீடு,” என்று யசோதினியின் வாய் சொல்லிவிட்டது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு அவள் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். சிமெந்து சிலாப் போட்டாள், முன்னால் ரோஜாத் தொட்டி வைத்தாள், போன வருஷம் டைல்ஸ்கூடப் பதித்துவிட்டாள். பொய் சொன்னவளுக்குக் கட்டட வேலை ஓயவே ஓயாது.

ரெக்கோர்ட் பண்ண மென்பொருள் தேடின கதை தனிக் கதை. மத்தியானம் சாப்பிடக் கிடைக்கிற இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக வீடியோ பார்த்தாள். இதுதான் சிறந்தது என்று ஒருத்தன் சத்தியம் பண்ணுவான். அதைத் தொடவே தொடாதே என்று அடுத்தவன் தலையில் அடித்துக்கொள்வான். ஒன்று ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஒன்றுக்கு மாதா மாதம் கட்டவேண்டும். விலை போட்டு விற்கிற ஒன்றின் திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் தருவதாக ஒருத்தன் சொன்னான். கூட வேலை செய்கிற மேனுஷாவின் அண்ணன் அப்படி ஒன்றைப் போட்டுத்தான் அவனுடைய கம்ப்யூட்டர் இப்போது எதைத் தொட்டாலும் சூதாட்ட விளம்பரம் காட்டுகிறது. யசோதினி குணம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எது இலவசமோ, எது சின்னதோ, எது தன்னுடைய பழைய லெப்டொப்பில் திணறாமல் ஓடுமோ, அதை எடுத்துக்கொண்டாள். அதையும் லயத்தில் இறக்கமுடியவில்லை. அங்கே சிக்னல் கோயில் மேட்டில் ஒரு கால் வைக்கிற இடத்தில்தான் கிடைக்கும். லெப்டொப்பைச் சேலைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், சரக்கு அறையில் ஒளித்துவைத்து இரண்டு நாளில் இறக்கினாள்.

மேளத்துக்கு இலவசமாகக் கிடைத்த சத்தங்களில் ஆபிரிக்கா இருந்தது, பிரேசில் இருந்தது, தபலாகூட இருந்தது. தவில் இல்லை. தப்பு மேளமோ இல்லவே இல்லை. கல்யாணப் பாட்டுக்குத் தவில் இல்லாமல் எப்படி? ஏதோ ஓர் ஊர் மேளம் இரண்டை எடுத்து, ஒன்றைக் கீழே இறக்கி, ஒன்றை மேலே ஏற்றி, தூரத்தில் இருந்து கேட்டால் தவில்தான் என்று நம்புகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அவளுக்கு வாரத்தில் ஓய்வு என்று இருந்ததே அந்த ஞாயிறு ஒன்றுதான்.

கடைசியில் மைக்கும், மைக்கை லெப்டொப்போடு இணைக்கிற சின்னப் பெட்டியும் வாங்க வைரவநாதன் கடைக்குப் போனாள். பதுளையில் மூன்று தலைமுறையாக ஹார்மோனியமும் ஒலிபெருக்கியும் விற்கிற கடை அது. வைரவநாதனுக்கு அறுபது வயது இருக்கும். விற்பதற்கு முன் கேள்வி கேட்கிற அபூர்வமான வியாபாரி. மத்தியான நேரம், பொழுதுபோகட்டும் என்று மேனுஷாவும் கூட வந்திருந்தாள். அதுதான் வினையாகப் போய்விட்டது.

“என்ன பாட்டும்மா? எங்க வச்சுப் பாடப்போறீங்க?” என்று கேட்டார் அவர்.

“கல்யாணப் பாட்டுங்க. வீட்டுல வச்சுத்தான்.”

“வீடு எப்படி? ஏன் கேக்குறேன்னா, மைக்ல ரெண்டு சாதி இருக்கு.” கண்ணாடி அலுமாரியைத் திறந்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தடித்த, கறுத்த, மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற மைக். மற்றது வெள்ளிப் பூச்சோடு, ஒரு வளையத்துக்குள் தொங்கிக்கொண்டு, பார்க்கவே படித்த பிள்ளையாக இருந்தது. “இந்தக் கறுப்பு, வாய்கிட்ட வச்சுப் பாடினாத்தான் கேக்கும். தள்ளி நடக்குறது அதுக்குப் பெருசா ஏறாது. லயத்துல பாடுறவங்களுக்கு நான் இதத்தான் குடுக்குறது, பஜனைக் கோஷ்டியெல்லாம் இதத்தான் கொண்டுபோறாங்க. இந்த வெள்ளி இருக்கே, இது எல்லாத்தையும் கேக்கும். குரலோட நெளிவு சுளிவு அத்தனையும் அழகா எடுக்கும். ஆனா ரூம் அமைதியா இருக்கணும். உங்களுக்கு எப்படி?”

யசோதினியின் கை கறுப்பு மைக்கை நோக்கிப் பாதி தூரம் போனது. அப்போது மேனுஷா, “இவங்களுக்கென்ன முதலாளி, சிலாப் போட்ட வீடு, தனி ரூம்,” என்று பெருமையாகச் சொன்னாள். தோழியின் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். டைல்ஸ் வரைக்கும்.

“அப்படீங்களாம்மா?”

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். மேனுஷா இரண்டு நாள் கேலி பண்ணுவாள், மூன்றாம் நாள் மறந்துவிடுவாள். அது யசோதினிக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. “ஆமாங்க,” என்றாள்.

“அப்ப யோசிக்கவே வேணாம்,” என்று வைரவநாதன் வெள்ளி மைக்கைப் பெட்டியில் போட்டார். விலையும் மற்றதைப்போல மூன்று மடங்கு.

கார்த்திகை முதல் ஞாயிறு அதை மாட்டினாள். ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, கதவிடுக்கில் சாக்கு வைத்து, ஹெட்போனைக் காதில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஐயோ, அந்த மைக் என்னமாய்க் கேட்டது! முதல் காம்பராவில் டிவியில் ஒருத்தி மாமியாரோடு சண்டை போட்டாள். இரண்டாவதில் யாரோ தேங்காய் துருவினார்கள். ஆறாவதில் பிள்ளைக்குப் பேன் பார்த்து, “ஆடாத இரு,” என்று தலையில் தட்டினது கேட்டது. பின்னால், மலையில் இருந்து குழாயில் வருகிற பீலித் தண்ணீர் விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தாவது காம்பராவில் இருந்து கணபதி மாமாவின் இருமல், அவள் மடியிலேயே உட்கார்ந்து இருமுகிற மாதிரி வந்தது.

கணபதி தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பத்தெட்டு வருஷம் தூள் சலித்தவர். பென்ஷனுக்குப் பதிலாக அந்த இருமலைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

லயத்து ஜனங்களைக் குறை சொல்லக்கூடாது. விஷயம் தெரிந்ததும் கணபதியின் மனைவி ரெங்கம்மா இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், இறங்கி நின்று, “யசோ பாட்டு எடுக்குதாம், ரெண்டு மணியிலயிருந்து மூணு மணி மட்டும் எல்லாரும் டிவிய நிறுத்துங்க, வாயையும் நிறுத்துங்க,” என்று உத்தரவு போட்டாள். அடுத்த ஞாயிறு அப்படியே நடந்தது. பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டினார்கள். சண்டை போட வேண்டியவர்கள் சண்டையை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார்கள். துருவ வேண்டிய தேங்காய் முழுசாகக் கிடந்தது. ஆனால் இருமலுக்கு மணி தெரியுமா? பல்லவி முடிந்து சரணம் ஏறுகிற இடத்தில் சரியாக வந்தது. யசோதினி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். தேயிலை மலையில் இருந்து அரைநாள் வேலையோடு வந்து, கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்ற அவளுடைய அம்மா சந்திரகாந்தி, “எங்கடி கெட்டுப்போச்சு?” என்று கேட்டாள்.

“மாமா இருமுறது விழுதும்மா. வேற ஒண்ணுமில்ல.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடுகிற சுவர்.

மூன்றாம் ஞாயிறு இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கணபதி தலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு வெளியே போவதை யசோதினி பார்த்தாள். மலைவேலைக்குப் போகிறவர்கள் மழைக்குப் போடுகிற அந்தப் போர்வைதான். லயத்துக்குக் கீழே பீலிக்கும் மாட்டுப்பட்டிக்கும் அப்பால் ஒரு கல் கிடக்கிறது, அதில் போய் உட்கார்ந்தார். பதுளைப் பக்கத்துக்குக் கார்த்திகை நல்ல மழைமாதம். மழை விழும்போது தகரத்துக்குக் கீழே பாடவே முடியாது, அதனால் மழை விட்ட இடைவெளிகளைப் பிடித்துத்தான் அவள் பாடவேண்டும். மழை விட்டால் பனி இறங்கும். அந்தப் பனிக்குள் அவர் ஒரு மணி நேரம் இருமிக்கொண்டிருந்தார்.

“மாமா, வேணாம், உள்ள வாங்க,” என்று ஒரு தடவை போய்ச் சொன்னாள்.

“நீ பாடு புள்ள. எனக்கு இங்க காத்தாட நல்லாத்தான் இருக்கு.”

இரண்டாம் தடவை அவள் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவளுக்காக ஏதாவது சாக்குச் சொல்ல ஆசைதான். வாரம் ஆறு நாள் நின்ற கால், விடிய நாலு மணிக்கு எழும்பின கண், தைக்குள் ஆறு பாட்டு. எல்லாம் உண்மைதான். ஆனாலும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. கறுப்பு மைக் பதுளையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாற்றிக் கேட்கலாம். கேட்டால், “ஏம்மா, சிலாப் போட்ட வீட்டுக்கு இது எதுக்கு?” என்பார். என்ன பதில் சொல்வாள்?

மூன்றாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. அவ்வளவு தள்ளி உட்கார்ந்தும் அந்த வெள்ளி மைக் அவரை விட்டபாடில்லை. ஈரக் காற்று பீலிச் சத்தத்தையும் இருமலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. சத்தம் கழுவுகிற மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்தாள். அது இருமலோடு சேர்த்து அவளுடைய குரலையும் கழுவி, கிணற்றுக்குள் இருந்து பாடுகிறவளாக ஆக்கிவிட்டது. இருந்தும் ஒன்றை றுஷ்திக்கு அனுப்பினாள். “தங்கச்சி, பாட்டு சொக்கம். ஆனா பின்னால யாரோ சாகக் கெடக்கிறாப்போல ஒரு சத்தம் ஈக்குது. கல்யாண வீட்டுக்குச் சரிவராது,” என்று குரல் செய்தி வந்தது. தொடர்ந்து இன்னொன்று. “வார ஞாயிறு வரைக்கும் பாக்குறேன். இல்லாட்டி வெலிமடையில ஒரு பொடியன் ஈக்கிறான், அவன்ட்ட குடுத்திருவேன். கோவிச்சுக்காதீங்க.”

அன்று மாலை பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. அலுத்துவிட்டது. பாடி அலுக்கவில்லை. தேர்ந்தெடுத்து, பதுக்கி, கம்பளி தொங்கவிட்டு, ஆறு குடும்பத்தின் வாயை மூடவைத்து, அத்தனைக்கும் பிறகு ஒரு இருமலுக்கு எதிராக உட்கார்ந்து அலுத்துவிட்டது. எப்படியாவது அந்த இருமல் ஒரு நாளைக்கு நின்றால் போதும் என்று நினைத்தாள்.

நின்றது. வெள்ளிக்கிழமை கணபதிக்குக் காய்ச்சல் ஏறி, மூச்சு இழுத்து, நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று பதுளை ஆஸ்பத்திரியில் வார்டில் போட்டார்கள். கடையில் இருந்து வந்த யசோதினிக்குச் சந்திரகாந்திதான் சொன்னாள். கேட்டதும் அவள், “ஐயோ,” என்றாள். அந்த ஐயோவுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில், ஞாயிற்றுக்கிழமை சத்தம் இருக்காது என்று மனசு சொன்னது. சந்தோஷப்பட்டாள். ஒளிக்க என்ன இருக்கிறது, சந்தோஷப்பட்டாள். உடனே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிய பிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போகவில்லை.

ஞாயிறு மழை இல்லை. ரெங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்கூட, “ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் நிறுத்துங்க, மறந்துராதீங்க,” என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். யசோதினி இரண்டே தடவை பாடினாள். இரண்டாவது தடவை எடுத்தது கண்ணாடிமாதிரி வந்தது. தன் குரலில் இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. வைரவநாதன் சொன்னது சரிதான், நெளிவு சுளிவு அத்தனையும் அந்த மைக் அழகாக எடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை றுஷ்தியின் பதில் வந்தது: “இதுதான் தங்கச்சி! இதே மாதிரி இன்னும் அஞ்சு. வேல ஒங்களுக்குத்தான்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், பழமும் பால்மா டின் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்வையாளர் நேரம் பன்னிரண்டில் இருந்து ஒன்று. கணபதி சுவர் ஓரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, தலையணையில் சாய்ந்திருந்தார். ரெங்கம்மா சுடுதண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வார்டில் அத்தனை கட்டிலிலும் ஆள்கள், தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள்.

“வா புள்ள,” என்றார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. “நேத்து நல்லா வந்திருக்குமே. நான்தான் இல்லையே.”

கேலியாகச் சொன்னாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. நிஜமாகவே, நல்ல சேதி கேட்க ஆசைப்படுகிறவராகத்தான் கேட்டார்.

“வந்துச்சு மாமா. எடுத்துக்கிட்டாங்க.”

“அப்படிச் சொல்லு! இன்னும் எத்தன இருக்கு?”

“அஞ்சு.”

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் குரலை இன்னும் தாழ்த்தி, “வெள்ளிக்கிழம டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்களாம். நான் டாக்டர் ஐயாகிட்ட இன்னும் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிர்றேன். ரெண்டு ஞாயிறு இங்கயே கெடந்துட்டு வாறேன். நீ அந்த அஞ்சையும் முடிச்சிரு,” என்றார்.

ஒன்பது வருஷம் நின்று பழகிய யசோதினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு மைக் ஒன்று இருந்ததை, லயத்தில் பாடுகிறவர்களுக்கு அதுதான் என்று கடைக்காரர் வாயாலேயே சொன்னதை, மேனுஷா பக்கத்தில் நின்றதை, சிலாப் போட்ட வீட்டை, ஆமாங்க என்றதை. “நீங்க வெளிய போயிருக்கவே வேணாம் மாமா. எங்கிட்ட ஒரு சொல்லு இருந்தா நீங்க வீட்டுக்குள்ள படுத்து இருமியிருக்கலாம். லயம்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நான்தான் உங்கள இங்க கொண்டாந்து போட்டேன்.”

கணபதி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். கூரையைப் பார்த்தார். பிறகு, “அந்த மைக்குக்கு நான் பக்கத்துல இருமினாலும் பரவால்லயா?” என்று கேட்டார்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமினா ஏறாது மாமா.”

“ம்.” கூரையில் இருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். “நான் கெடக்குறேன் புள்ள. எனக்கு இது புதுசில்ல, இந்த நெஞ்சு ஸ்டோர்லயே போயிருச்சு. ஆனா ஆறு வீடு மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்துச்சே. சின்னப் புள்ளைங்க உட்பட.” கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்க இலேசாக இருந்திருக்கும்.

“நான் லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன் மாமா. அத்தகிட்ட இப்பவே சொல்றேன்.”

அவர் கை சட்டென்று நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இந்த உடம்பில் இவ்வளவு பலமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “மத்தவங்ககிட்ட சொல்லு. அவகிட்ட மட்டும் சொல்லிராத,” என்றார். “இந்த வார்டு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறா. எங்க வீட்டு ஆளு பனியில உக்காந்ததாலதான் அந்தப் பாட்டு உருவாச்சுன்னு. நாப்பது வருஷத்துல என்னப் பத்தி அவ பெருமையா ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்ல. அது சும்மா உக்காந்ததுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா.”

ரெங்கம்மா சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்துவிட்டாள். யசோதினியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணைத் தோளில் தட்டி, “நான் சொன்னேனே, இந்தப் புள்ளதான்! எங்க லயந்தான், அடுத்த காம்பரா. இது பாட்டு ரெக்கோர்ட் பண்ணத்தான் இவரு பனியில போய் உக்காந்தது,” என்றாள் உரக்க. பாயில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சோறு ஊட்டின பெண், “அப்படியா?” என்று யசோதினியையும் கணபதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அழுதியா என்ன? கண்ணெல்லாம் செவந்திருக்கு. மாமாவுக்கு ஒண்ணுமில்லடி, வெள்ளிக்கிழம வந்துருவாரு.” ரெங்கம்மா போத்தலை வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் துடைத்தாள். “வார ஞாயிறும் ரெண்டு மணிக்குத்தானே? நான் எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கிறேன். இவர அப்ப கோயில்ல கொண்டுபோய் உக்கார வச்சிர்றேன், அங்க கூரை இருக்கு.”

“வேணாம் அத்த. யாரும் எதையும் நிறுத்த வேணாம். நான் வேற மைக் மாத்தப்போறேன்.”

ரெங்கம்மாவின் கை நின்றது. “ஏன்? இதுக்கு என்ன கொறை? இவரு இவ்வளவு கஷ்டப்பட்டாரே, நல்லா வரலையா?”

யசோதினி கணபதியைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் தூங்கவில்லை.

“நல்ல மைக்தான் அத்த,” என்றாள். “மாமா வெளிய இருந்ததாலதான் பாட்டு வந்துச்சு.”